1988–89 இங்கிலாந்து முதல் பிரிவு காற்பந்துப் பருவம்

1988–89 முதல் பிரிவு என்பது இங்கிலாந்தின் காற்பந்து லீக்கில் அக்காலத்தில் மிக உயர்ந்த நிலையில் இருந்த ஆடவர் பிரிவின் ஒரு பருவம் ஆகும். இப்பருவம் 1988 ஆகஸ்ட் 27 அன்று தொடங்கி 1989 மே 26 அன்று நிறைவுற்றது. 20 கழகங்கள் பங்கேற்ற இதில் இலண்டனைச் சேர்ந்த ஆர்சனல் கழகம் வாகை சூடியது. இது அக்கழகத்தின் ஒன்பதாவது லீக் பட்டம் ஆகும்; 1970–71க்குப் பின் பெற்ற முதல் பட்டமும் இதுவே.

ஆர்சனலும் இரண்டாம் இடம் பெற்ற லிவர்பூலும் புள்ளிகளிலும் கோல் வேறுபாட்டிலும் சமமாக இருந்தன. ஆர்சனல் அடித்த கோல்களின் எண்ணிக்கை மிகுதியாக இருந்ததால் பட்டம் அக்கழகத்திற்கு வழங்கப்பட்டது. பருவத்தின் கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் அடிக்கப்பட்ட கோலே இதைத் தீர்மானித்தது. இப்பருவத்தின் இடையே, 1989 ஏப்ரல் 15 அன்று நிகழ்ந்த ஹில்ஸ்பரோ பேரிடரில் லிவர்பூல் ஆதரவாளர்கள் 97 பேர் உயிரிழந்தனர். இங்கிலாந்தில் காற்பந்து அரங்குகள் அமைக்கப்படும் முறையையே இந்நிகழ்வு மாற்றியது.

பின்னணி

1888ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட காற்பந்து லீக் 1988இல் தனது நூற்றாண்டை நிறைவு செய்திருந்தது. முந்தைய பருவத்தில் முதல் பிரிவில் 21 கழகங்கள் இருந்தன. அவ்வெண்ணிக்கையை 20 ஆகக் குறைப்பதற்காக அப்பருவத்தின் முடிவில் நான்கு கழகங்கள் வெளியேறின. மூன்று கழகங்கள் மட்டுமே உள்ளே வந்தன. போர்ட்ஸ்மத், வாட்ஃபோர்ட், ஆக்ஸ்ஃபோர்ட் யுனைடெட் ஆகியவை நேரடியாகவும், செல்சி பிளே-ஆஃப் ஆட்டங்களில் தோற்றும் தரமிறக்கப்பட்டன. மில்வால், ஆஸ்டன் வில்லா, மிடில்ஸ்பரோ ஆகியவை தரமுயர்ந்தன. இவற்றுள் மில்வால் கழகம் மிக உயர்ந்த பிரிவில் ஆடுவது அதுவே முதன்முறை ஆகும்.

1980களில் இங்கிலாந்துக் காற்பந்து நெருக்கடியான நிலையில் இருந்தது. பல அரங்குகள் பழமையானவை. பார்வையாளர்களில் பெரும்பாலோர் இருக்கைகள் இல்லாத படிமேடைகளில் நின்றபடியே ஆட்டங்களைப் பார்த்தனர். ஆதரவாளர்களிடையே மோதல்கள் நிகழ்ந்து வந்ததால், அவர்கள் ஆடுகளத்திற்குள் நுழையாதவாறு உயரமான கம்பி வேலிகள் அமைக்கப்பட்டிருந்தன. 1985 மே 29 அன்று பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் உள்ள ஹெய்சல் அரங்கில், லிவர்பூலுக்கும் இத்தாலியின் யுவென்டசுக்கும் இடையிலான ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தின் முன் 39 பேர் இறந்தனர். இதையடுத்து இங்கிலாந்துக் கழகங்கள் ஐரோப்பியப் போட்டிகளில் பங்கேற்கத் தடை விதிக்கப்பட்டது. 1988–89 பருவத்திலும் அத்தடை நடைமுறையில் இருந்தது.

லிவர்பூல் அக்காலத்தின் முதன்மையான கழகமாக விளங்கியது. முந்தைய பருவத்தில் வென்ற பட்டத்துடன் அதன் லீக் பட்டங்களின் எண்ணிக்கை 17ஐ எட்டியிருந்தது. முன்னாள் வீரரான கென்னி டால்கிளிஷ் அதன் மேலாளராக இருந்தார். இத்தாலியில் ஓராண்டு ஆடிய இயன் ரஷ் 1988 ஆகஸ்டில் அக்கழகத்திற்குத் திரும்பினார். ஆர்சனலின் மேலாளராக 1986 முதல் ஜார்ஜ் கிரகாம் இருந்தார். டோனி ஆடம்ஸ், மைக்கேல் தாமஸ், டேவிட் ரோகாசில், பால் மெர்சன் முதலிய இளம் வீரர்கள் அவரது அணியில் இடம்பெற்றிருந்தனர்.

புள்ளி முறை

ஒவ்வொரு கழகமும் ஏனைய 19 கழகங்களுடன் சொந்த அரங்கில் ஒரு முறையும் எதிரணியின் அரங்கில் ஒரு முறையுமாக மொத்தம் 38 ஆட்டங்களை ஆடியது. வெற்றிக்கு மூன்று புள்ளிகளும் சமநிலைக்கு ஒரு புள்ளியும் வழங்கப்பட்டன. இரு கழகங்கள் புள்ளிகளில் சமமானால், அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்துப் பெறும் கோல் வேறுபாடு கணக்கில் கொள்ளப்பட்டது. அதுவும் சமமானால், அடித்த கோல்களின் எண்ணிக்கை கணக்கில் கொள்ளப்பட்டது. இம்மூன்றாவது விதியே இப்பருவத்தின் வெற்றியாளரைத் தீர்மானித்தது.

பருவத்தின் முதற்பகுதி

தொடக்க நாளன்று ஆர்சனல், விம்பிள்டனை அதன் சொந்த அரங்கில் 5–1 என வென்றது. ஆலன் ஸ்மித் மூன்று கோல்களை அடித்தார். அதே நாளில் நடைபெற இருந்த டோட்டனம் ஹாட்ஸ்பர் – கவன்ட்ரி சிட்டி ஆட்டம், டோட்டனத்தின் அரங்கில் கட்டுமானப் பணிகள் முடிவடையாததால் ஒத்திவைக்கப்பட்டது. இதற்காக டோட்டனத்தின் இரண்டு புள்ளிகள் கழிக்கப்பட்டன. மேல்முறையீட்டிற்குப் பின் அவை திரும்ப வழங்கப்பட்டு, அபராதம் மட்டும் விதிக்கப்பட்டது.

இலையுதிர் காலத்தில் எதிர்பாராத கழகங்கள் முன்னணியில் இருந்தன. புதிதாக வந்த மில்வால், டோனி கஸ்கரினோ, டெடி ஷெரிங்ஹாம் ஆகிய முன்கள வீரர்களின் துணையுடன் சிறிது காலம் பட்டியலில் முதலிடம் வகித்தது. அதன் பின்னர் நார்விச் சிட்டி முதலிடத்தைப் பிடித்து டிசம்பர் வரை முன்னிலையில் இருந்தது. டிசம்பர் 4 அன்று ஆர்சனலின் ஹைபரி அரங்கில் நடைபெற்ற ஆர்சனல் – லிவர்பூல் ஆட்டம் 1–1 எனச் சமநிலையில் முடிந்தது.

புத்தாண்டின் தொடக்கத்தில் ஆர்சனல் முன்னணிக்கு வந்தது. 1989 ஜனவரி 1 அன்று லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 3–1 எனத் தோற்றது. லிவர்பூலின் வாய்ப்பு முடிந்துவிட்டதாகப் பலரும் கருதினர். ஆனால் அத்தோல்விக்குப் பின் மே 26 வரை அக்கழகம் எந்த ஆட்டத்திலும் தோற்கவில்லை. வசந்த காலத்தில் ஆர்சனல் சில புள்ளிகளை இழக்க, இரு கழகங்களுக்கும் இடையிலான இடைவெளி குறைந்தது.

ஹில்ஸ்பரோ பேரிடர்

1989 ஏப்ரல் 15 அன்று, செஃபீல்ட் நகரில் உள்ள ஹில்ஸ்பரோ அரங்கில் லிவர்பூலுக்கும் நாட்டிங்காம் ஃபாரஸ்ட்டுக்கும் இடையே எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி ஆட்டம் நடைபெற்றது. லிவர்பூல் ஆதரவாளர்களுக்கு அரங்கின் லெப்பிங்ஸ் லேன் பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கிருந்த நுழைவாயில்கள் போதுமானவையாக இல்லாததால் வெளியே பெரும் நெரிசல் ஏற்பட்டது. நெரிசலைக் குறைக்கும் பொருட்டு, வெளியேறுவதற்கான கதவு ஒன்றைத் திறக்குமாறு காவல்துறை உத்தரவிட்டது. அவ்வழியே நுழைந்தவர்கள், ஏற்கனவே நிரம்பியிருந்த நடுப்பகுதி அடைப்புகளுக்குள் செல்வதைத் தடுக்க எவரும் இல்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் கம்பி வேலியுடன் சேர்த்து நசுக்கப்பட்டனர். பிற்பகல் 3:06 மணிக்கு ஆட்டம் நிறுத்தப்பட்டது.

அன்றைய தினமே 94 பேர் இறந்தனர். ஒருவர் நான்கு நாட்களின் பின்னரும், மற்றொருவர் சுயநினைவு திரும்பாமலேயே 1993இலும் இறந்தனர். அந்நாளில் அடைந்த காயங்களின் விளைவாக 2021இல் ஒருவர் இறந்ததையடுத்து உயிரிழந்தோரின் எண்ணிக்கை 97 ஆனது.

ஆதரவாளர்களே கதவை உடைத்து நுழைந்தனர் என அன்று காவல்துறை தரப்பில் கூறப்பட்டது. சில நாளிதழ்களும் அவர்கள் மீது பொய்யான குற்றச்சாட்டுகளை வெளியிட்டன. 1991இல் நடந்த மரண விசாரணை, இவை தற்செயலான இறப்புகள் எனத் தீர்ப்பளித்தது. உயிரிழந்தோரின் குடும்பத்தினர் இதனை ஏற்காமல் தொடர்ந்து போராடினர். 2012இல் சுதந்திரக் குழு ஒன்று வெளியிட்ட அறிக்கையைத் தொடர்ந்து அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. புதிய விசாரணையின் முடிவில், 2016 ஏப்ரல் 26 அன்று, இறந்தவர்கள் சட்டத்திற்குப் புறம்பான முறையில் கொல்லப்பட்டனர் எனவும், ஆதரவாளர்களின் நடத்தை பேரிடருக்குக் காரணமன்று எனவும் நடுவர் குழு தீர்ப்பளித்தது.

பருவம் மீண்டும் தொடங்குதல்

பேரிடருக்குப் பின் லிவர்பூலின் ஆட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன. ஏப்ரல் 23 அன்று நடைபெற இருந்த லிவர்பூல் – ஆர்சனல் ஆட்டமும் இவற்றுள் ஒன்று. அக்கழகத்தின் சொந்த அரங்கான ஆன்ஃபீல்ட் பொதுமக்களின் அஞ்சலிக்காகத் திறந்து விடப்பட்டது. அவர்கள் வைத்த மலர்களால் ஆடுகளத்தின் பெரும்பகுதி நிரம்பியது. வீரர்களும் மேலாளர் டால்கிளிஷும் உயிரிழந்தோரின் இறுதிச் சடங்குகளில் பங்கேற்றனர்.

லிவர்பூல் மே 3 அன்று மீண்டும் போட்டி ஆட்டத்தில் களமிறங்கியது. அதே நகரைச் சேர்ந்த எவர்ட்டனுடனான அந்த ஆட்டம் கோலின்றிச் சமநிலையில் முடிந்தது. அன்று முதல் மே 26 வரையிலான 24 நாட்களில் லிவர்பூல் எட்டு ஆட்டங்களை ஆட வேண்டியிருந்தது. மே 7 அன்று மறுபடி நடத்தப்பட்ட கோப்பை அரையிறுதியில் நாட்டிங்காம் ஃபாரஸ்ட்டை 3–1 என வென்றது. மே 20 அன்று வெம்பிளி அரங்கில் நடந்த இறுதியாட்டத்தில், கூடுதல் நேரத்தில் எவர்ட்டனை 3–2 என வென்று கோப்பையைக் கைப்பற்றியது. இடையில் ஆடிய லீக் ஆட்டங்களிலும் தொடர்ந்து வென்றது.

ஆர்சனல் மே 1 அன்று நார்விச் சிட்டியை 5–0 என வென்றது. ஆயினும் சொந்த அரங்கில் ஆடிய கடைசி இரு ஆட்டங்களிலும் தடுமாறியது. மே 13 அன்று டெர்பி கவுண்டியிடம் 2–1 எனத் தோற்றது. மே 17 அன்று விம்பிள்டனுடன் 2–2 எனச் சமநிலை பெற்றது. மே 23 அன்று லிவர்பூல், வெஸ்ட் ஹாம் யுனைடெட்டை 5–1 என வென்று முதலிடத்தைப் பிடித்தது. இத்தோல்வியால் வெஸ்ட் ஹாம் தரமிறக்கப்பட்டது.

இறுதி ஆட்டம்

ஒத்திவைக்கப்பட்டிருந்த லிவர்பூல் – ஆர்சனல் ஆட்டம் மே 26, வெள்ளிக்கிழமை இரவு ஆன்ஃபீல்டில் நடைபெற்றது. ஏனைய ஆட்டங்கள் அனைத்தும் முடிவடைந்திருந்ததால், பருவத்தின் கடைசி ஆட்டமாக இதுவே அமைந்தது. ஆட்டத்திற்கு முன் இரு கழகங்களின் நிலை வருமாறு:

- லிவர்பூல்: 76 புள்ளிகள், கோல்கள் 65–26, வேறுபாடு +39
- ஆர்சனல்: 73 புள்ளிகள், கோல்கள் 71–36, வேறுபாடு +35

ஆர்சனல் ஒரு கோல் வேறுபாட்டில் வென்றால் புள்ளிகள் சமமாகும். ஆனால் கோல் வேறுபாட்டில் லிவர்பூலே முன்னிற்கும். ஆகவே ஆர்சனல் குறைந்தது இரண்டு கோல் வேறுபாட்டில் வெல்ல வேண்டியிருந்தது. லிவர்பூல் தன் சொந்த அரங்கில் இரண்டு கோல் வேறுபாட்டில் தோற்று மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. லிவர்பூல் வென்றாலோ, சமநிலை பெற்றாலோ, ஒரு கோல் வேறுபாட்டில் தோற்றாலோ கூட, லீக் பட்டம், எஃப்.ஏ. கோப்பை ஆகிய இரண்டையும் ஒரே பருவத்தில் இரண்டாம் முறையாக வென்ற பெருமையைப் பெற்றிருக்கும்.

ஆர்சனல் ஆதரவாளர்கள் பலர் வழியில் போக்குவரத்து நெரிசலில் சிக்கியதால் ஆட்டம் சற்றுத் தாமதமாகத் தொடங்கியது. ஆர்சனல் வீரர்கள் மலர்க்கொத்துகளுடன் களத்திற்கு வந்து அவற்றை லிவர்பூல் ஆதரவாளர்களிடம் வழங்கினர். கிரகாம் வழக்கமான நால்வர் தடுப்பு வரிசையை மாற்றி, ஆடம்ஸ், ஸ்டீவ் போல்ட், டேவிட் ஓ'லியரி ஆகிய மூவரை நடுத் தடுப்பாளர்களாக நிறுத்தினார்.

முதற்பாதியில் கோல் எதுவும் அடிக்கப்படவில்லை. 52ஆவது நிமிடத்தில் ஆர்சனலுக்கு மறைமுக ஃப்ரீ கிக் கிடைத்தது. இவ்வகை உதையில், பந்து மற்றொரு வீரர் மீது பட்ட பின்னரே கோல் செல்லும். நைஜல் வின்டர்பர்ன் அனுப்பிய பந்தை ஆலன் ஸ்மித் தலையால் தொட்டுக் கோலாக்கினார். லிவர்பூல் வீரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். நடுவர் தனது கோட்டு நடுவருடன் கலந்து பேசிய பின் கோலை உறுதி செய்தார்.

90ஆவது நிமிடம் நெருங்கியபோதும் நிலை 1–0 ஆகவே இருந்தது. லிவர்பூல் வீரர் ஸ்டீவ் மக்மஹோன், இன்னும் ஒரு நிமிடமே உள்ளது எனத் தன் அணியினருக்கு விரலால் சைகை காட்டினார். காயங்களால் இழந்த நேரத்தை ஈடுசெய்ய நீட்டிக்கப்பட்ட நேரத்தில், ஆர்சனல் கோல் காப்பாளர் ஜான் லூகிக் பந்தை லீ டிக்சனிடம் எறிந்தார். டிக்சன் அதனை நீளமாக உதைக்க, ஸ்மித் அதைக் கட்டுப்படுத்தி, முன்னோக்கி ஓடிய தாமசுக்கு அனுப்பினார். பந்து லிவர்பூலின் ஸ்டீவ் நிக்கல் மீது பட்டுத் திரும்பித் தாமசின் வழியிலேயே விழுந்தது. அவர் கோல் காப்பாளர் புரூஸ் குரோபலாரைத் தாண்டிப் பந்தை வலைக்குள் செலுத்தினார். ஆட்டம் 2–0 என முடிந்தது. ஆன்ஃபீல்டிலேயே ஆர்சனல் தலைவர் ஆடம்சிடம் கிண்ணம் வழங்கப்பட்டது. லிவர்பூல் ஆதரவாளர்கள் பலரும் வெற்றியாளர்களைக் கைதட்டிப் பாராட்டினர்.

இறுதிப் பட்டியல்

| இடம் | கழகம் | வெற்றி | சமநிலை | தோல்வி | அடித்தது | வாங்கியது | புள்ளிகள் |
|---|---|---|---|---|---|---|---|
| 1 | ஆர்சனல் | 22 | 10 | 6 | 73 | 36 | 76 |
| 2 | லிவர்பூல் | 22 | 10 | 6 | 65 | 28 | 76 |
| 3 | நாட்டிங்காம் ஃபாரஸ்ட் | 17 | 13 | 8 | 64 | 43 | 64 |
| 4 | நார்விச் சிட்டி | 17 | 11 | 10 | 48 | 45 | 62 |
| 5 | டெர்பி கவுண்டி | 17 | 7 | 14 | 40 | 38 | 58 |
| 6 | டோட்டனம் ஹாட்ஸ்பர் | 15 | 12 | 11 | 60 | 46 | 57 |
| 7 | கவன்ட்ரி சிட்டி | 14 | 13 | 11 | 47 | 42 | 55 |
| 8 | எவர்ட்டன் | 14 | 12 | 12 | 50 | 45 | 54 |
| 9 | குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் | 14 | 11 | 13 | 43 | 37 | 53 |
| 10 | மில்வால் | 14 | 11 | 13 | 47 | 52 | 53 |
| 11 | மான்செஸ்டர் யுனைடெட் | 13 | 12 | 13 | 45 | 35 | 51 |
| 12 | விம்பிள்டன் | 14 | 9 | 15 | 50 | 46 | 51 |
| 13 | சவுத்தாம்ப்டன் | 10 | 15 | 13 | 52 | 66 | 45 |
| 14 | சார்ல்ட்டன் அத்லெட்டிக் | 10 | 12 | 16 | 44 | 58 | 42 |
| 15 | செஃபீல்ட் வெட்னஸ்டே | 10 | 12 | 16 | 34 | 51 | 42 |
| 16 | லூட்டன் டவுன் | 10 | 11 | 17 | 42 | 52 | 41 |
| 17 | ஆஸ்டன் வில்லா | 9 | 13 | 16 | 45 | 56 | 40 |
| 18 | மிடில்ஸ்பரோ | 9 | 12 | 17 | 44 | 61 | 39 |
| 19 | வெஸ்ட் ஹாம் யுனைடெட் | 10 | 8 | 20 | 37 | 62 | 38 |
| 20 | நியூகாசில் யுனைடெட் | 7 | 10 | 21 | 32 | 63 | 31 |

கடைசி மூன்று கழகங்களும் இரண்டாம் பிரிவுக்குத் தரமிறக்கப்பட்டன. அவற்றின் இடத்திற்குச் செல்சி, மான்செஸ்டர் சிட்டி, கிரிஸ்டல் பேலஸ் ஆகியவை தரமுயர்ந்தன. 380 ஆட்டங்களில் மொத்தம் 962 கோல்கள் அடிக்கப்பட்டன.

ஆர்சனலும் லிவர்பூலும் வெற்றி, சமநிலை, தோல்வி ஆகியவற்றிலும் முற்றிலும் சமமாக இருந்தன. இரண்டின் கோல் வேறுபாடும் +37 ஆகும். இங்கிலாந்தின் முதல் நிலை லீக் பட்டம் அடித்த கோல்களின் எண்ணிக்கையால் முடிவானது இதுவே முதன்முறை. 1975–76 வரை வேறு விதி நடைமுறையில் இருந்தது. அதன்படி அடித்த கோல்களை வாங்கிய கோல்களால் வகுத்துக் கோல் விகிதம் கணக்கிடப்பட்டது. அவ்விதி நீடித்திருந்தால் லிவர்பூல் 2.32 எனவும் ஆர்சனல் 2.03 எனவும் பெற்று, பட்டம் லிவர்பூலுக்கே சென்றிருக்கும்.

விருதுகள்

- அதிக கோல்கள் அடித்தவர்: ஆலன் ஸ்மித் (ஆர்சனல்), 23 கோல்கள்
- தொழில்முறைக் காற்பந்தாட்டக்காரர் சங்கத்தின் சிறந்த வீரர்: மார்க் ஹியூஸ் (மான்செஸ்டர் யுனைடெட்)
- அச்சங்கத்தின் சிறந்த இளம் வீரர்: பால் மெர்சன் (ஆர்சனல்)
- காற்பந்து எழுத்தாளர் சங்கத்தின் சிறந்த வீரர்: ஸ்டீவ் நிக்கல் (லிவர்பூல்)

பின்விளைவுகள்

ஐரோப்பியத் தடை நீடித்ததால், பட்டம் வென்ற ஆர்சனல் 1989–90 ஐரோப்பியக் கோப்பையில் பங்கேற்க இயலவில்லை. தடை 1990–91 பருவத்தில் விலக்கப்பட்டது. லிவர்பூல் மட்டும் மேலும் ஓராண்டு காத்திருந்தது. ஆர்சனல் 1990–91இல் மீண்டும் லீக் பட்டம் வென்று, அடுத்த பருவத்தில் ஐரோப்பியக் கோப்பையில் ஆடியது.

லிவர்பூல் 1989–90இல் தனது 18ஆவது பட்டத்தை வென்றது. அடுத்த பட்டத்தை வெல்ல 2020 வரை 30 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. டால்கிளிஷ் 1991 பெப்ரவரியில் மேலாளர் பொறுப்பிலிருந்து விலகினார். தீர்மானமான கோலை அடித்த மைக்கேல் தாமஸ் 1991 டிசம்பரில் லிவர்பூலிலேயே இணைந்தார். 1992 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் அவர் அக்கழகத்திற்காகக் கோல் அடித்தார்.

ஹில்ஸ்பரோ பேரிடரை ஆராய நீதிபதி டெய்லர் தலைமையில் விசாரணை நடத்தப்பட்டது. காவல்துறையின் கட்டுப்பாடு தவறியதே பேரிடருக்கு முதன்மையான காரணம் என 1989 ஆகஸ்டில் வெளியான இடைக்கால அறிக்கை கூறியது. 1990 ஜனவரியில் வெளியான இறுதி அறிக்கை, பெரிய அரங்குகளில் அனைத்துப் பார்வையாளர்களுக்கும் இருக்கைகள் அமைக்கப்பட வேண்டும் எனப் பரிந்துரைத்தது. ஆதரவாளர்கள் அனைவருக்கும் அடையாள அட்டை வழங்க அரசு முன்வைத்திருந்த திட்டம் இவ்வறிக்கைக்குப் பின் கைவிடப்பட்டது. கம்பி வேலிகள் அகற்றப்பட்டன. 1990களில் முதல் நிலைக் கழகங்களின் அரங்குகள் முழுமையாக இருக்கைகள் கொண்டவையாக மாற்றப்பட்டன. 1992இல் முதல் பிரிவுக் கழகங்கள் காற்பந்து லீக்கிலிருந்து பிரிந்து பிரீமியர் லீக்கை அமைத்தன.

இப்பருவத்தின் இறுதி ஆட்டம் நிக் ஹார்ன்பி எழுதி 1992இல் வெளியான 'ஃபீவர் பிட்ச்' என்னும் நூலில் முக்கிய இடம் பெற்றுள்ளது. 1997இல் இந்நூல் திரைப்படமாகவும் வெளிவந்தது. ஆன்ஃபீல்டில் ஹில்ஸ்பரோவில் உயிரிழந்தோரின் பெயர்கள் பொறிக்கப்பட்ட நினைவிடம் உள்ளது.